பன்னிரண்டு நாள் தவம்

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அந்தப் பழமொழியை ஓர் அரசாங்கமே முன்னின்று கடைப்பிடித்துக் காட்டிய நாடு மொரீஷியஸ். 2020 ஜூலை 25-ஆம் தேதி மாலை, கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளமுள்ள 'வகாஷியோ' என்ற கப்பல், தீவின் தென்கிழக்கில், பாயின்ட் டெஸ்னி கரைக்கு எதிரே பவளப்பாறையின் மேல் ஏறி உட்கார்ந்தது. வயிற்றில் ஏறக்குறைய 4,000 டன் எரிபொருள். கரையில் நின்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும். அலை அடிக்க அடிக்க அடிப்பாகம் பாறையில் அரைபடுவதும் தெரியும். அரசு பதறவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம், பத்து நாள். பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6-ஆம் தேதி, எண்ணெய் வெளியே வந்தது. மறுநாள் சுற்றுச்சூழல் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அறிவிப்பாவது நேரத்துக்கு வந்ததே என்று மகிழ்வோம். பதறாமல் இருந்தது அரசு. ஆகஸ்ட் 15-ஆம் தேதி இரண்டாகச் சிதறியது கப்பல்.

இந்தக் கப்பலின் ஜாதகம் படிக்கச் சுவையானது. சொந்தக்காரர் ஜப்பானியர், நாகஷிகி ஷிப்பிங். வாடகைக்கு எடுத்து ஓட்டியதும் ஜப்பானிய நிறுவனமே, மிட்சுயி ஓ.எஸ்.கே. லைன்ஸ். கொடி பனாமா நாட்டுடையது. பனாமா பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. மாலுமிகள் பெரும்பாலும் பிலிப்பினோக்கள், மூன்று இந்தியர், ஓர் இலங்கையர். புறப்பட்டது சீனாவிலிருந்து, போக வேண்டியது பிரேசிலுக்கு. இத்தனை நாட்டுக்காரர்களுக்கும் மொரீஷியஸில் எந்த வேலையும் இல்லை. வந்து மோதுவது ஒன்றைத் தவிர.

ஏன் வந்தார்கள்? செல்போனுக்கு சிக்னல் பிடிக்க. நான் ஜோடிக்கவில்லை, அந்த ஆண்டு டிசம்பரில் மிட்சுயி நிறுவனமே வெளியிட்ட விளக்கம் இது. கரையிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போவதுதான் முதலில் போட்ட பாதை. மோதலுக்கு இரண்டு நாள் முன்பு அதை 5 மைலாகக் குறைத்தார்கள். அன்றைய தினம் அதையும் 2 மைலாக்கப் பார்த்தார்கள். கையில் இருந்த வரைபடமோ ஆழத்தையும் தூரத்தையும் துல்லியமாகக் காட்டுகிற அளவுக்கு விரிவானதல்ல. கப்பலில் அன்று ஒரு பிறந்தநாள் விருந்து வேறு நடந்தது. கொஞ்சம் குடித்திருந்ததாகக் கேப்டனே பிறகு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அது கொரோனாக் காலம். துறைமுகங்கள் மூடிக் கிடந்ததால் உலகமெங்கும் மாலுமிகள் வீடு திரும்ப வழியில்லாமல் கடலிலேயே மாதக்கணக்கில் மாட்டியிருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளை குரலைக் கேட்க ஏங்கிய மனிதர்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு, மாலுமி வீட்டோடு பேச ஓர் ஒழுங்கான இணைய வசதி செய்து கொடுப்பது பெரிய செலவு போலிருக்கிறது. பவளப்பாறை மலிவு.

சரி, மோத வந்த கப்பலைக் கரையிலிருந்து யாரும் பார்க்கவில்லையா? மொரீஷியஸுக்குக் கரையோர ரேடார் வலைப்பின்னல் ஒன்றை 2011-இல் இந்தியா அமைத்துக் கொடுத்திருந்தது. ரேடாரின் வேலை பார்ப்பது. ரேடாரைப் பார்க்க வேண்டியது யார் என்பது அதைக் கொடுத்த நாட்டின் பொறுப்பில் வராது.

சுற்றுச்சூழல் அமைச்சர் ஒரு காரணம் சொன்னார். இந்த மாதிரி விபத்தை நாடு சந்திப்பது இதுவே முதல்முறை, சமாளிக்கப் போதிய சாதனங்கள் இல்லை என்றார். 2016 ஜூனில் இதே தென்கிழக்குக் கரையில், லெ பூஷோன் என்ற இடத்தில், 'பெனிட்டா' என்ற சரக்குக் கப்பல் பாறையில் ஏறியது. கப்பலுக்குள் மாலுமிகளுக்கு இடையே அடிதடி நடந்ததாகச் செய்தி வந்தது. அதை ஒருவழியாக இழுத்து விடுவித்து, உடைப்பதற்கு இந்தியாவுக்குக் கொண்டுவரும் வழியில் அது மூழ்கியும் போனது. நான்கே வருடத்துக்கு முந்தைய கதை. முதல்முறை என்ற சொல்லை அமைச்சர்கள் எப்போதும் தங்கள் பதவிக்காலத்திலிருந்து எண்ணுவார்கள் போல.

அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் இன்னும் வெளிப்படையானவர். தரைதட்டிய கப்பலை மிதக்க வைக்கும் திறமையும் அனுபவமும் எங்களிடம் இல்லை என்று சொல்லி, ஆகஸ்ட் 7-ஆம் தேதி பிரான்ஸிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 7. பக்கத்து ரீயூனியன் தீவு பிரான்ஸுடையது. அது ஜூலை 25-ஆம் தேதியும் அதே இடத்தில்தான் இருந்தது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்ட வேண்டும். மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் இருக்கும், அதற்குப் பிறகு இந்தி. 1998-இல் புதிதாக அச்சடித்த தாள்களில் இந்தி முன்னால் போய் தமிழ் பின்னால் தள்ளப்பட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றது. ஆக, அசைய வேண்டும் என்று நினைத்தால் அசையத் தெரிந்த நிர்வாகம்தான். ஒரு வரி எழுத்து இடம் மாறியதும் புரிந்த அவசரம், 300 மீட்டர் இரும்பு இடம் மாறி நின்றபோது புரியாமல் போனதுதான் மர்மம்.

இனி கரைக்கு வருவோம். எண்ணெய் கசிந்த செய்தி பரவியதும் பக்கத்து ஊரான மஹேபூர் கடற்கரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் அழைக்கவில்லை. மீனவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கரும்புத் தோட்டத்துக்காரர்கள், சுற்றுலாப் பயணி இல்லாததால் சும்மா கிடந்த ஓட்டல் படகோட்டிகள், தையல் தெரிந்த பெண்கள். ஆயிரக்கணக்கில். எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், அதற்கு நாள் ஆகும். இவர்கள் உள்ளூர்ச் சரக்கைக் கையில் எடுத்தார்கள். லாரி லாரியாகக் கரும்புச் சோகை வந்து இறங்கியது. துணியையும் வலையையும் நீளநீளமான உறைகளாகத் தைத்து, சோகையைத் திணித்து, மிதக்க வேண்டுமென்று காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பெண்களின் நைலான் காலுறைகூட உறையானது. மனித முடி எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்று யாரோ சொல்ல, சலூன்களில் வரிசை கட்டி முடி வெட்டிக் கொடுத்தார்கள். முடி கொடுத்தவர்கள் தெரிந்தே கொடுத்தார்கள். நாட்டுக்கே மொட்டை போட்டது யார் என்பது அப்போது அவர்களுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

அந்தக் கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1834 முதல் கப்பல் கப்பலாக இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அவர்கள் கல்லைப் பொறுக்கிக் குவித்து, கரும்பு வைத்த மண். வெள்ளைக்காரத் துரை சர்க்கரையை எடுத்துக்கொண்டு சோகையை விட்டுவிட்டுப் போனார். அந்தச் சோகை வாரிசுகளுக்கு இப்போது உபயோகப்பட்டது, வேறு நாட்டு முதலாளி கொட்டிய எண்ணெயைத் துடைக்க.

மீனவர்கள் அந்தத் தடுப்புகளைப் படகில் கட்டி இழுத்துப் போய் நிறுத்தினார்கள். எங்கே நீரோட்டம் திரும்பும், எந்த வாய்க்கால் வழியாக எண்ணெய் சதுப்புக்காட்டுக்குள் புகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ப்ளூ பே கடல் பூங்கா இருக்கிறது, பாயின்ட் டெஸ்னி ஈரநிலம் இருக்கிறது. இரண்டும் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் உள்ளவை. ஈல் ஓ எக்ரெட் என்ற குட்டித்தீவும் இருக்கிறது. வேறெங்கும் காண முடியாத பறவைகளும் செடிகளும் அங்கே காப்பாற்றி வைக்கப்பட்டிருந்தன. மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளையினர் நாற்றுகளையும் அரிய பறவைகளையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அந்தக் கடலோரத் திட்டுகளில் வாழும் அரிய பல்லி, அரணை வகைகளைப் பிடித்து, பிறகு ஐரோப்பாவின் ஜெர்சி தீவு விலங்குக்காட்சி சாலை வரைக்கும் விமானத்தில் அனுப்பினார்கள். ஓர் அறக்கட்டளைக்குத் தன் பல்லியை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்திருக்கிறது. கொடியும் காவல்படையும் கருவூலமும் இல்லாத அமைப்பு அது என்பதை நினைவில் வையுங்கள்.

இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில், சாதாரணச் சட்டையோடு, பலர் வெறுங்கையோடு நின்று அள்ளினார்கள். அந்த எண்ணெய் வழக்கமான பழைய கப்பல் எண்ணெயும் அல்ல. கந்தகம் குறைந்த புதுவகைக் கப்பல் எரிபொருள். 2020 ஜனவரி முதல் வந்த சர்வதேச விதிக்காக உருவானது. காற்று சுத்தமாக வேண்டும் என்று கொண்டுவந்த விதி, நல்ல விதிதான். கடலில் கொட்டினால் அது என்ன செய்யும் என்பதைப் பெரிய அளவில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க மஹேபூர் மக்களின் முழங்கால் கிடைத்தது.

இப்போதுதான் அரசு சுறுசுறுப்பானது. என்ன செய்தது தெரியுமா? பொதுமக்கள் விலகிக்கொள்ள வேண்டும், துப்புரவை அதிகாரிகளிடம் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பன்னிரண்டு நாள் கப்பலிடம் சொல்லத் தெரியாத 'நகரு' என்ற சொல்லை, சோகை திணித்துக்கொண்டிருந்த மக்களிடம் சொல்லத் தெரிந்திருந்தது. காரணம் உடல்நலமாம், பாதுகாப்பாம். காரணம் பொய்யில்லை. எண்ணெய் ஆவி நுரையீரலுக்குக் கேடுதான். அப்படியானால் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுக்கலாமே என்று கேட்டால் அது அரசியல். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொடர்ந்து தைத்தார்கள்.

கொஞ்ச நாளில் கிரேக்கம், பிரான்ஸ் நாடுகளின் தொழில்முறைத் துப்புரவு நிறுவனங்கள் வந்தன. முறையான உடை, முறையான மிதவை, முறையான கட்டணம். எண்ணெய் குடித்த சோகைத் தடுப்புகள் கழிவுக் கணக்கில் சேர்ந்தன. தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். உலகப் பத்திரிகைகள் அவர்களைக் கொண்டாடின: மனிதநேயம், ஒற்றுமை, கைகோத்த தீவு. அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சம்பளம் வாங்குகிறவன் பன்னிரண்டு நாள் செய்யாததை, சம்பளம் வாங்காதவன் மூன்றே நாளில் செய்கிறான். உடனே அது நெகிழ்ச்சிக் கதையாகிவிடுகிறது. நெகிழ்ந்துபோனவன் கணக்குக் கேட்க மாட்டான். ஆகவே தன்னார்வலரை மேடையில் தூக்கி வைத்துப் பாராட்டுவது அதிகாரிக்கும் வசதி, கப்பல் முதலாளிக்கும் வசதி.

இந்தியாவும் உதவிக்கு ஓடியது. 30 டன்னுக்கும் அதிகமான சாதனங்களோடு, நம் கடலோரக் காவல்படையின் நிபுணர் குழுவை ஏற்றிக்கொண்டு விமானப்படை விமானம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி போய் இறங்கியது. கப்பல் உடைந்த மறுநாள். சாதனங்களின் பட்டியலைப் படித்தபோது எண்ணூர்க்காரர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கசிவே இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. பிறகு மாணவர்களும் மீனவர்களும் அதே கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் படகில் உட்கார்ந்து மக்கால்தான் வழித்தெடுத்தார்கள். ஏறக்குறைய ஏழு வருடத்தில் வாளியிலிருந்து மக்குக்கு முன்னேறியிருந்தோம்.

மஹேபூருக்குத் திரும்புவோம். உடைந்த கப்பலின் முன்பாதியை இழுத்துப்போய் ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஆழ்கடலில் மூழ்கடித்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் வேண்டாமென்று கத்தின. கண்ணுக்குத் தெரியாததைக் குப்பை என்று சொல்ல மாட்டோம் என்பது எல்லா நாட்டு நகராட்சிக்கும் பொதுவான கொள்கை. அடுத்த சில நாளில் திமிங்கில வகைகளும் டால்பின்களும் செத்துக் கரை ஒதுங்கின, ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில். எண்ணெயால் அல்ல என்று முதல் பரிசோதனை முடிவை அரசு சொன்னது. நம்புவதா வேண்டாமா என்ற நிலையை மக்கள் எப்போதோ கடந்திருந்தார்கள். ஆகஸ்ட் 29-ஆம் தேதி தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கறுப்புச் சட்டையோடு பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மொத்தமே 13 லட்சம் பேர் வாழும் நாட்டில்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 31-ஆம் தேதி இரவு, வகாஷியோ எண்ணெய் வேலையில் ஈடுபட்டிருந்த ஒரு மிதவைக் கலத்தை இழுத்து வந்த 'சர் கெய்தான்' என்ற இழுவைப் படகு, மோசமான கடலில் அந்தக் கலத்தோடு மோதி மூழ்கியது. அதில் இருந்த எட்டுப் பேரில் நால்வர் திரும்பவில்லை. கப்பல் பாறையில் ஏறியபோது அதிலிருந்த இருபது பேருக்கும் ஒரு கீறல் இல்லை. உயிர் போனது துடைக்கப் போனவர்களுக்கு. இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மன்னிப்பு என்று ஒன்று உண்டல்லவா? குடித்திருந்த கேப்டன் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் தலைமை அதிகாரிக்கும் 2021 டிசம்பரில் ஆளுக்கு 20 மாதச் சிறை. ஜப்பானிய நிறுவனங்கள் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டன. பிரதமர் கேட்கவில்லை. நிபுணர்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தோம், கடல் கொந்தளிப்பாக இருந்தது, அரசு எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே அவர் நிலை. குடித்தவருக்கு இருந்த தெளிவு.

காசுக்கு வருவோம். கச்சா எண்ணெய் ஏற்றிச் செல்லும் டாங்கர் கொட்டியிருந்தால் அதற்குத் தனி சர்வதேச நிதி இருக்கிறது. இது சரக்குக் கப்பல். சிந்தியது அதன் சொந்த எரிபொருள். ஆகவே வேறு சட்டம். அந்தச் சட்டத்தில் முதலாளி எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைச் சேதத்தை வைத்துக் கணக்கிட மாட்டார்கள், கப்பலின் டன்னேஜை வைத்துக் கணக்கிடுவார்கள். இந்த வரம்பை வகுத்த 1976 சர்வதேச ஒப்பந்தப்படி சுமார் 200 கோடி யென். 1996-இல் திருத்திய ஒப்பந்தப்படி சுமார் 700 கோடி யென். ஜப்பான் புதியதில் கையெழுத்திட்ட நாடு. மொரீஷியஸ் பழையதிலேயே தங்கிவிட்டது. இருபத்து நான்கு வருடம் ஒரு கையெழுத்துக்கு நேரமில்லை. பன்னிரண்டு நாளைப் போய்ப் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை: கப்பல் காப்பீட்டுச் சங்கங்கள் ஓர் எண்ணெய்க் கசிவுக்கு 100 கோடி டாலர் வரை பொறுப்பேற்கும் ஏற்பாடு இருக்கிறது. பணம் இருக்கிறது, பாலிசி இருக்கிறது, கேட்கும் உரிமைக்குத்தான் உச்சவரம்பு. மிட்சுயி நிறுவனம் தன் பங்குக்கு, சட்டப்படி கடமையில்லாவிட்டாலும், சதுப்புக்காட்டுக்கும் பவளத்துக்குமாகச் சில ஆண்டுகளில் 100 கோடி யென் தருவதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது. கடமை என்றால் வரம்பு, தர்மம் என்றால் செய்திக்குறிப்பு. இரண்டு தாளிலும் சோகை திணித்த கைக்குக் கூலி என்று ஒரு வரி கிடையாது. அவர்கள் கேட்கவும் இல்லை. கேட்காதவரைத்தானே தன்னார்வலர் என்கிறோம்.

கப்பலின் பின்பாதி மாதக்கணக்கில் பாறையிலேயே நின்றது. ஒரு சீன நிறுவனம் வந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்தது. அந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2021 மார்ச்சில், தலைநகருக்குப் பக்கத்தில் பாயின்ட் ஓ சாப்ல் கரையோரப் பாறையில் ஒரு சீன மீன்பிடிக் கப்பல் ஏறிக்கொண்டது. அதில் 130 டன் எரிபொருள். இந்த முறை தடுப்பு மிதவைகளை உடனே போட்டார்கள். எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். சின்னக் கப்பல், சின்ன அளவு, முன்னதோடு ஒப்பிட முடியாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும், அது நியாயமும்கூட. ஆனாலும் அந்த வாரம் மஹேபூரில் யாரும் தலைமுடியை வெட்டிக்கொண்டு போய்க் கடலில் போட வேண்டியிருக்கவில்லை.